ஒன்பது பர்வதங்களுக்கு ஒரே நம்பர்

உயிரோடு இருந்த ஒரு பெண்ணைச் செத்துப்போனவள் என்று எழுதியது நீங்கள், செயலாளர் அவர்களே. அது தப்பு என்று சொன்ன பெண்ணைத் திருடி என்று எழுதியதும் நீங்கள்தான்.

ராமேஸ்வரத்தில் வீடு வாசல் இல்லாதவர்களுக்காக வேலை செய்யும் ஐந்து அமைப்புகளுக்கும் போன வாரம் உங்கள் கூட்டமைப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முன்னாள் களப்பணியாளர் ஒருவர், பயனாளிகளின் ரகசியத் தகவல்கள் அடங்கிய நோட்டை எடுத்துக்கொண்டு தலைமறைவாகிவிட்டாராம். இருக்கும் இடம் தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்க வேண்டுமாம். எங்கள் சமையல்கட்டுக் கதவிலும் அதை ஒட்டினார்கள். நான் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நான் அந்த ஐந்தில் ஒன்றான டிரஸ்டில் சோறு ஆக்குகிறவன். மத்தியானம் கடற்கரையில் வரிசையில் நிற்பவர்களுக்குப் பரிமாறுகிறவனும் நான்தான். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த அக்காவைப் பற்றி உங்கள் தாளில் இருந்தது மட்டும்தான் ஊருக்குத் தெரியும் என்றால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த வேலை போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்காவோடு வேலை செய்வது பெரிய தொல்லை. அவர் இருந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நேரத்துக்குப் பரிமாறி முடித்ததில்லை.

எங்களிடம் பாத்திரம் கழுவத்தான் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கடலாடிப் பக்கம் மழையை நம்பி மிளகாய் போடும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். வாலிநோக்கத்து உப்பளத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். உள்ளங்கால் தோல் செருப்பைவிடக் கெட்டியாக இருக்கும். வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பார். செருப்பை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு, தேஞ்சு போகும்ல என்றார்.

வந்த இரண்டாம் மாதமே பாத்திரத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் உட்கார ஆரம்பித்தார். யார் எந்த ஊர், யாருக்கு என்ன நோய், யார் மூன்று நாளாக வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மேனேஜர் அவரையே களப்பணிக்குப் போட்டுவிட்டார். அன்று பிடித்தது சனி.

ஒரு ஆளைப் பார்த்தால் நீங்களும் நானும் முகத்தைப் பார்ப்போம். அக்கா குந்தி உட்கார்ந்து காலைப் பார்ப்பார். பாதத்தைக் கையில் தூக்கி, மண்ணைத் தட்டி, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே நிமிர்வார். கடையில் கணக்கு எழுதுவதற்கு விற்கும் நீள நோட்டு ஒன்றைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருப்பார். அதை மணலில் விரித்து, வந்தவர் பாதத்தை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைவார். வெடிப்பு இருந்தால் கோடு. விரல் இல்லாவிட்டால் இல்லாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஐந்தாவதுவரை படித்தவர். அதனால் எழுத்து குறைவு, படம் அதிகம்.

வரிசை நகராது. எனக்கு அண்டாவில் சாம்பார் ஆறும். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

"ஏத்தா, காலுக்குச் சோறு போடுறியா, வாய்க்கா?"

அக்கா நிமிர மாட்டார். பென்சில் சுண்டு விரலைச் சுற்றி வரும்வரை யார் கத்தினாலும் கேட்காது.

இதில் இன்னொரு கூத்து. காலை அளவெடுத்தால் செருப்பு வரும் என்று கரையில் இருந்த அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். செருப்பு எப்ப வரும், செருப்பு எப்ப வரும் என்று ஒரு வருஷம் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். அக்காவிடம் போய், செருப்பு கிடையாதுன்னு சொல்லித் தொலைங்களேன் என்றேன். நான் எப்பப்பா தாரேன்னு சொன்னேன் என்றார். சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அளவு கொடுக்க எல்லோரும் காலை நீட்டினார்கள், அவருக்கு அது போதும்.

ஏன் கால் என்று ஒருநாள் கேட்டேன். உப்பளத்தில் கண் கூசும், பெண்கள் எல்லோரும் துணியால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், காலைப் பார்த்துத்தான் இன்னார் என்று கூப்பிடுவோம் என்றார். பிறகு கரையைக் காட்டினார்.

"இங்கன மட்டும் என்ன? துணி தெனம் மாறுது. முடிய நம்ம பயலுகளே வெட்டி விடுறாங்க. தாடி வருது, போகுது. காலு எங்கன மாறும்?"

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். கரையில் கிடக்கிறவர்கள் அதை எடுத்துக் காயவைத்துக் கட்டிக்கொள்வார்கள். இன்று மஞ்சள் சேலையில் பார்த்தவளை நாளைக்கு நீலச் சேலையில் பார்க்கலாம். ஐந்து அமைப்புகளில் ஒன்றான இளைஞர் குழு, மாதம் ஒரு முறை எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டிக் குளிப்பாட்டிப் போட்டோ எடுக்கும். நல்ல பிள்ளைகள், குறை சொல்லவில்லை. ஆனால் குளித்து முடித்து வரிசையாக உட்கார வைத்தால் யார் யார் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் பெயர். வீட்டை விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் யாராவது தேடி வருவார்கள், அல்லது யாரும் தேடி வரவில்லை என்பது தெரிந்துவிடும். கேட்டுக்கொண்டே இருந்தால் கோயிலைப் பார்ப்பார்கள். ஆண் என்றால் ராமநாதன். பெண் என்றால் பர்வதம். சாமி பெயரும் அம்மன் பெயரும். கரையிலும் பஸ் ஸ்டாண்டிலுமாக ஒன்பது பர்வதம் இருந்தார்கள். அக்கா நோட்டில் ஒன்பது கால் இருந்தது.

செயலாளர் அவர்களே, ஐந்து அமைப்புக்கும் சேர்த்து ஒரே பொதுப் பதிவு என்பது உங்கள் யோசனை என்று கூட்டமைப்பின் ஆண்டு மலரில் போட்டிருக்கிறீர்கள். பொய். அது அந்த அக்காவின் யோசனை.

அப்போது ஐந்து அமைப்பும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தோம். காலையில் மருந்து வண்டி வந்து பெயர், ஊர், பிள்ளைகள் உண்டா என்று கேட்கும். பத்து மணிக்குத் தங்கும் விடுதிக்காரர்கள் அதையே கேட்பார்கள். மத்தியானம் நாங்கள். பிறகு முடி வெட்டும் பையன்கள். பிறகு பெண்கள் இல்லத்திலிருந்து ஒரு அம்மா. பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒரு பெரியவரிடம் ஒரே நாளில் ஐந்தாவது ஆளாகப் போய், உங்களை ஏன் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் அவர் தட்டை எடுத்து வீசிவிட்டார். அந்த வாரம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் அக்கா எழுந்து பேசினார். நான் காபி கொடுக்கப் போயிருந்தேன், கேட்டேன்.

"ஒரே புண்ண அஞ்சு பேரு கிண்டுறீக. ஒருத்தர் கேளுங்க, அஞ்சு பேரும் வாசிச்சுக்கங்க. அம்புட்டுத்தான்."

நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். ஆறு மாதத்தில் பதிவு போட டேப் என்கிற கைக் கம்ப்யூட்டர் வந்தது, அதைச் சொல்லித்தரச் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்தான், லாட்ஜ் ஹாலில் பயிற்சி நடந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். அந்த நம்பரைப் போட்டால் எந்த அமைப்பு என்ன கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடுதான். நானும் கைதட்டினேன்.

பயிற்சியில் அக்கா செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை வலிக்கிறது. கால் வரைய இடம் எங்கே என்று கேட்டார். அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, இருபது எழுத்து போடலாம், மச்சம் எழுதலாம் என்றான் தம்பி. எனக்கு மச்சம் வேண்டாம், கால் வேண்டும் என்றார். டேப்பில் காலெல்லாம் வைக்க முடியாதுக்கா என்று அவன் சிரித்தான். அக்கா டேப்பை வாங்கித் தரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த விடுதி வாட்ச்மேனை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். அந்த மனுஷனும் ஏறினார். தம்பி அலறியது ரோட்டில் கேட்டது. கண்ணாடியில் விழுந்த கீறல் கடைசிவரை இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நான் அவரிடம் சண்டை போட்டேன். நீங்கள் கேட்டதைத்தானே செய்திருக்கிறார்கள், ஏன் மானத்தை வாங்குகிறீர்கள் என்றேன். ஒரே நோட்டு கேட்டேன், ஆளைத் தொலைக்கிற நோட்டா கேட்டேன் என்றார். எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

பிடிவாதம்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. வலது காலில் இரண்டு விரல் இல்லாத ஒரு ராமநாதன் மூன்று நாள் வரவில்லை. அக்கா கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். ஆளைப் பார்த்துவிட்டு வா, பிறகு பரிமாறு என்றார். வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள். பாம்பன்வரை சைக்கிளில் போனேன். மண்டபம் போனேன். கடைசியில் உச்சிப்புளியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இலை எடுக்கும் ஆட்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று நாளும் மூன்று கல்யாணமாம். வயிறெரிந்து திரும்பி வந்து சொன்னேன். அக்கா கேட்ட முதல் கேள்வி:

"காலப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அதன் பிறகுதான் கரண்டியைக் கொடுத்தார். சோறு குழைந்துபோயிருந்தது. திட்டு வாங்கியது நான்.

இனி பர்வதத்துக்கு வருகிறேன். ஒன்பதில் இரண்டு பேரைச் சொன்னால் போதும்.

ஒருத்தி தீர்த்தக் கரையின் தெற்குக் கோடியில் இருந்தவள். கடலில் விட்ட துணிகளைப் பொறுக்கி, பிழிந்து, சுவரில் காயப்போட்டு, நிறம் பார்த்து மடித்து அடுக்குவாள். தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். இடது காலில் கட்டைவிரல் மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருக்கும். வலிப்பு நோய் உண்டு. புதன்கிழமைதோறும் மருந்து வண்டி அவளுக்கு ஒரு வாரத்து மாத்திரை கொடுக்கும். மாத்திரை இருந்தால் ஒன்றும் வராது. இல்லாவிட்டால் விழுவாள்.

இன்னொருத்தி பஸ் ஸ்டாண்டில் இருந்தவள். வலது குதிகாலில் பழைய தீப்புண் தழும்பு. பேச்சு கிடையாது. சோற்றுக்கு மட்டும் வருவாள்.

பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று உங்களுக்கு ஒருநாள் சேதி வந்தது. பதிவில் ஒரே ஆள் பல தடவை இருந்தால் அசிங்கம் என்றீர்கள். சென்னைத் தம்பி தேடிப் பார்த்தான். பர்வதம், பெண், வயது சுமார் அறுபது, இடம் அக்னி தீர்த்தம் அல்லது பக்கம். ஒன்பது பதிவு. எல்லாம் ஒட்ட வெட்டிய தலை. ஒரே ஆள் ஒன்பது தடவை வந்து ஏமாற்றியிருக்கிறாள் என்று முடிவு செய்து ஒன்பதையும் சேர்த்து ஒன்றாக்கினீர்கள். அழியாமல் நின்ற நம்பர் வலிப்புக்காரியின் நம்பர். அவள்தான் வாராவாரம் மாத்திரை வாங்கினாள், அதனால் அந்தப் பதிவுதான் மேலே இருந்தது. மற்ற எட்டுப் பேரும் சோற்றுக்கு மட்டும் வருகிறவர்கள். சோற்றுக்கு நம்பர் கேட்க மாட்டேன் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆகையால் பதிவிலிருந்து எட்டுப் பேர் காணாமல் போனது யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. உங்களில் ஒருவராவது கரைக்குப் போய் அந்த ஒன்பது பேரையும் பார்த்தீர்களா என்றால், இல்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி செத்துக் கிடந்தாள்.

அக்கா அன்று ஊரில் இல்லை. கொழுந்தனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தார். கான்ஸ்டபிள் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் டேப்போடு உங்கள் ஆள் ஒருவன் நின்றான். போர்த்தியிருந்த துணியைத் தலைப்பக்கம் மட்டும் தூக்கிக் காட்டினார்கள். தெரிந்த முகம். நான் தினமும் சோறு போட்ட முகம். யார் என்று கேட்டார்கள்.

பர்வதம் என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவளும் பர்வதம்தான். உங்கள் ஆள் பர்வதம் என்று தட்டினான். ஒரே ஒரு பர்வதம் வந்தது. இறப்பு என்று அழுத்தினான். எனக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வந்துவிட்டேன்.

புதன்கிழமை மருந்து வண்டி வந்தபோது வலிப்புக்காரி பர்வதம் வழக்கம்போலக் கையை நீட்டினாள். அக்கா அன்று காலைதான் திரும்பியிருந்தார், பக்கத்தில் நின்றார். நர்ஸ் பெண் நம்பரைப் போட்டாள், மறுபடி போட்டாள். இறந்தவர் என்று வருகிறது என்றாள். அக்கா சிரித்துவிட்டார். இந்தா நிக்கிறாளே என்றார். நர்ஸுக்கு அழுகை வராத குறை.

"தெரியுதுக்கா. ஆனா நான் குடுத்தா எதுல எழுதுவேன்? மூடுன நம்பருல மாத்திரை ஏறாதுக்கா."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் மிச்சம் இருந்த நான்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்கா நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பர்வதம் செத்துவிட்டாள், நான் சரியாகத்தான் சொன்னேன் என்றேன்.

"ஏலே, காலப் பாத்தியா?"

தலைப்பக்கம் மட்டும்தான் காட்டினார்கள் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றே நோட்டை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் உள்ளே விட்டார்கள். வரைந்த தாளை அந்தக் காலில் வைத்துப் பார்த்திருக்கிறார். குதிகால் தழும்புக்காரியின் தாள் பொருந்தியது. மறுநாள் வலிப்புக்காரியைக் கையைப் பிடித்து உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். நானும் கூட வந்தேன். இரண்டு தாளையும் உங்கள் மேஜைமேல் விரித்தார்.

"இந்தக் காலுதான் செத்தது சார். அந்தக் காலு உசுரோட இருக்கு. குனிஞ்சு பாருங்க."

நீங்கள் குனியவில்லை. மரியாதையாகத்தான் பேசினீர்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். இறப்புப் பதிவைத் திறப்பது சாதாரண விஷயம் இல்லையம்மா, ஐந்து அமைப்பும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றீர்கள். கூட்டம் ஒரு மாதம் கழித்து. அக்கா எழுந்து நின்று அவளைக் காட்டினார். இவள் மூச்சு விடுவது தெரியவில்லையா என்றார். நான் பார்க்கிறேன் அம்மா, ஆனால் சிஸ்டம் பார்க்க வேண்டுமே என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை.

புது நம்பர் போடுங்கள் என்றேன் நான். அதே பெயர், அதே வயது, அதே இடம், மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்றான் தம்பி. பெயரை மாற்றிப் போடு என்றேன். அது பொய்த் தகவல் அண்ணே என்றான்.

பிறகு அக்கா ஒவ்வொரு அமைப்பாக நடந்தார். இரண்டு பேர் உடனே எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மேனேஜர் நான் கத்திய பிறகு கொடுத்தார். ஒருவர் தலைவர் மதுரையிலிருந்து வரட்டும் என்றார். இன்னொருவர், இதில் போலீஸ் விவகாரம் ஏதும் வருமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், ஆனால் ஆளை நேரில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நியாயம்தான். அவளோ ஆஸ்பத்திரிக் கேட்டைக் கண்டாலே அலறி ஓடுவாள். எங்கோ ஒரு இடத்தில் அவளைப் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார்கள். அக்கா நர்ஸிடம் கெஞ்சி இரண்டு, மூன்று என்று வாங்கி, பாதியாக உடைத்துக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது.

அமாவாசை. கரையில் காலடி வைக்க இடமில்லை. செத்துப்போன அப்பன் பேர், தாத்தன் பேர், அவன் அப்பன் பேர் என்று மூன்று தலைமுறையைக் கேட்டு வாங்கி எள்ளும் தண்ணீரும் விட வைக்கிற ஊர் இது. அந்தக் கூட்டத்தில் பர்வதம் துணி பொறுக்க இறங்கியிருக்கிறாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் வலிப்பு வந்து குப்புற விழுந்திருக்கிறாள். சுற்றி நூறு பேர் நின்றார்கள். ஒருவரும் தூக்கவில்லை. கல்நெஞ்சம் இல்லை. முழுக்குப் போடுகிறாள் என்று நினைத்தார்கள். தண்ணீருக்குள் தலை போனால் இந்த ஊரில் யார் பதறுவார்கள்?

பதறியவர் அக்கா ஒருவர்தான். கரையில் யாருக்கோ கால் வரைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது தண்ணீருக்கு மேலே ஒரு இடது பாதம் தெரிந்தது. கட்டைவிரல் மேல் ஏறிய விரல். முகம் தெரியவில்லை, சேலை வேறு. நோட்டை மணலில் போட்டுவிட்டு ஓடினார். அவர் நோட்டைக் கீழே போட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

உயிர் வந்துவிட்டது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆனால் பழைய ஆள் வரவில்லை. வலது கை தூக்க முடியவில்லை. துணியைக் கொடுத்தால் மடிக்கத் தெரியவில்லை. பெயர் கேட்டால் முன்பு பர்வதம் என்றாவது சொல்வாள். இப்போது அதையும் சொல்வதில்லை.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளில் கூட்டமைப்பின் நம்பர் கேட்டார்கள், தங்கும் விடுதியில் சேர்க்க. போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் இறந்தவர். அக்கா அவளை ஆட்டோவில் ஏற்றினார். நோட்டை இடுப்பில் செருகினார். என்னிடம் மட்டும், வாரேன் தம்பி, சோத்தக் குழைய விடாத என்றார். போய்விட்டார்.

இதுதான் உங்கள் தலைமறைவு. இதுதான் உங்கள் ரகசியத் தகவல் திருட்டு. அந்த நோட்டில் ஆதார் நம்பர் கிடையாது, போன் நம்பர் கிடையாது, ஒருத்தர் வீட்டு விலாசம் கிடையாது. நூற்றுச் சொச்சம் பாதம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. உங்கள் பதிவு தப்பு என்று நிரூபிக்கத்தான் முடியும். அதனால்தான் அது உங்களுக்கு வேண்டும்.

நான் போய்ப் பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் டேப்பில் ஏற்றிவிடுவீர்கள். ஓட்டு வீடு. அக்கா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பர்வதம் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் புது ரப்பர் செருப்பு. அளவு சரியாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்தார். ஒருத்திக்காவது வந்துச்சுன்னு கரையில போயிச் சொல்லாத, எல்லாரும் கெளம்பி வந்துருவாக என்றார். அவ்வளவு நடந்த பிறகும் அந்த அம்மாவுக்கு வாய் குறையவில்லை. பிறகு உள்ளே போய்க் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். குடிக்கும்போது, மற்ற ஏழு பேரையும் பார்த்தாயா, கால் நல்லா இருக்கா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். எனக்கு நான்கு பேரைத்தான் சரியாகச் சொல்லத் தெரிந்தது. அடுத்த தடவை பார்த்துட்டு வா என்றார். இப்போது தினமும் பரிமாறும்போது குனிந்து பார்க்கிறேன். வரிசை நகரவில்லை. என்னையும் திட்டுகிறார்கள்.

பொதுப் பதிவின் ஓராண்டு நிறைவை வருகிற மாதம் தீர்த்தக் கரையில் பந்தல் போட்டுக் கொண்டாடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சமையல் ஆர்டர் எனக்குத்தான் வந்திருக்கிறது. மைக் இருக்கும், பணம் கொடுத்தவர்கள் இருப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். நல்லது. முதலில் நான் ஏறுகிறேன். பஸ் ஸ்டாண்டில் துணியைத் தலைப்பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெயர் சொன்னவன் நான், காலைப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று என் வாயால் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பிறகு நீங்கள் ஏறுங்கள், செயலாளர் அவர்களே. ஒன்பது பெண்களை ஒருத்தியாக்கச் சொன்னது யார்? கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டு நின்றவளை உயிரோடு எழுத ஒரு மாதம் எதற்கு? இன்றைய தேதியில் உங்கள் பதிவில் அவள் இருக்கிறாளா, செத்தவளா? அந்த அக்காவைத் திருடி என்று எழுதிய தாளைத் திரும்ப வாங்கப்போகிறீர்களா, இல்லையா?

மிச்சமிருக்கும் ஏழு பர்வதங்களையும் முன்வரிசையில் நானே கொண்டுவந்து உட்கார வைக்கிறேன். அவர்கள் காலைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.